வைகையில் தண்ணீர் வரும் ராத்திரி

கேள்வி: சோழவந்தான் பக்கம் ஆற்றங்கரையில் வீடு. பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரை நான்தான் பார்க்கிறேன். மழை பிடித்தாலே தூக்கம் போய், அவர்மேல் எரிந்து விழுகிறேன். என்ன செய்ய?

பதில்: ராத்திரி பூரா ஆற்றுக்குக் காது கொடுத்துப் படுத்திருந்தால் யாருக்குமே சிடுசிடுப்பு வரும். வைகை அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது. முதலாவது வந்ததுமே, பகலோடு பகலாக, அவரை மேட்டுப்பக்கம் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். மூன்றாவதுவரை பார்த்திருந்தால் இருட்டில், சேற்றில் தூக்க வேண்டிவரும்.

தூக்க நாலு பேரை இப்போதே சொல்லிவையுங்கள். கெட்டி ஜமுக்காளத்தில் கிடத்தி, நாலு முனையையும் சுருட்டிப் பிடிக்கலாம். விழுந்துபோன கையை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள்; தோள்மூட்டு நழுவிவிடும்.

மாத்திரை ஏழு நாளைக்கு, மருந்துச் சீட்டு நகலோடு பிளாஸ்டிக் டப்பாவில். இன்சுலின் போடுபவர் என்றால், கரண்ட் இல்லாதபோது ஈர மணல்மேல் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாமல் டப்பாவில் வையுங்கள். ஐஸை ஒட்டி வைத்தால் உறைந்து வீணாகும். காற்று மெத்தையா? கரண்ட் போனால் அதிலும் காற்று இறங்கிவிடும். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண்தான். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

அந்தப் புரட்டலை நீங்கள் ஒருவரே செய்யாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குமேல் வீட்டுக்காரர் முறை என்று பேசிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கடந்தும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.