இரண்டு பேர், ஒரு மோட்டார், 350 வெள்ளி

வாசகர் கேள்விகளுக்கு பினாங்கு மலையக்கா பதில்

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கல்யாணக் கடன் இன்னும் முடியாததால் தேனிலவு என்று எங்கேயும் போகவில்லை. ஒரு சனி, ஞாயிறு மட்டும் எங்காவது போய் வர ஆசை. மலையில் நடக்கவும் வேண்டும், அருவியும் பார்க்க வேண்டும். கையில் 350 வெள்ளி (ரிங்கிட்). கார் இல்லை, மோட்டார் சைக்கிள்தான். அவருக்கு நீச்சல் தெரியாது. நான் கேமரன் மலை என்கிறேன், அவர் லங்காவித் தீவு என்கிறார். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
– வாசகி, செந்தூல்

பதில்: இரண்டும் வேண்டாம், தங்கச்சி. லங்காவிக்கு உங்கள் காசு போக வரவே சரியாகிவிடும். கேமரனுக்கு வார இறுதியில் மோட்டாரில் போனால் கார் வரிசைக்குப் பின்னால் புகை குடித்தபடியே ஏற வேண்டும்; மறுநாள் அதே புகையோடு இறங்க வேண்டும். செந்தூலில் இருந்துகொண்டு பிரேசர் மலையை ஏன் மறந்தீர்கள்? ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். ரவாங், கோலகுபு பாரு வழியாகப் பழைய சாலையிலேயே போய்விடலாம்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்புங்கள். செலாயாங் தாண்டி ரவாங் போகும் சாலையோரத்தில் கஞ்சிங் அருவி இருக்கிறது. ஏழு தட்டாக இறங்கும் அருவி. கீழ்த்தட்டுகளுக்குப் படிக்கட்டு உண்டு. மேலே போகப் போக வேரையும் பாறையையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். உங்கள் மலை நடைக்கு இதுவே நல்ல தொடக்கம். வாசல் திறந்ததும் உள்ளே போய்விட்டால் ஒரு தட்டு முழுவதும் உங்கள் இருவருக்கே கிடைக்கும். பத்து மணிக்கு மேல் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள், கூடவே ஸ்பீக்கரும் வரும். இன்னொன்று, அங்குள்ள குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் நன்றாகத் தெரியும். நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள்.

அவருக்கு நீச்சல் தெரியாது என்று முதலிலேயே எழுதினீர்களே, ரொம்ப நல்லது. முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கக் கூடாது. பாறைக்குக் கீழே பள்ளம் எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நீச்சல் தெரிந்தவர்களும் பயப்பட வேண்டியது கெப்பாலா ஆயேர் எனும் திடீர் வெள்ளம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலை உச்சியில் எப்போதோ பெய்த மழை திரண்டு ஒரே மூச்சில் இறங்கி வரும். அது வருமுன் சில அறிகுறிகள் காட்டும். தெளிந்து ஓடிய தண்ணீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு மாறும். காய்ந்த இலையும் குச்சியும் கொத்துக் கொத்தாக மிதந்து வரும். சற்று முன்வரை வெளியே தெரிந்த கல் நனைந்திருக்கும். காற்றே இல்லாமல் மேலே ஓர் இரைச்சல் கேட்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பைத் தேடாதீர்கள், போனைத் தேடாதீர்கள். கரைக்கு வந்து அப்படியே மேட்டில் ஏறி நில்லுங்கள். படம் எடுக்கலாம் என்று அவர் நின்றால் காதைப் பிடித்து இழுத்து வாருங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்தவள் நான், அதனால் இதைக் கொஞ்சம் அதட்டித்தான் சொல்வேன்.

பதினொரு மணிக்குள் கோலகுபு பாரு. சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 1883-இல் அணை உடைந்து பழைய ஊரை அடித்துக்கொண்டு போன கதை உள்ளூர்ப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும்; டீக்கடையில் கேட்டால் வெள்ளை முதலைக் கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். பெட்ரோலை அங்கேயே முழுசாக நிரப்பிவிடுங்கள், பிரேசர் மலையில் பெட்ரோல் நிலையம் கிடையாது. ரொக்கமும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து மேலே ஏறத்தாழ 40 கிலோமீட்டர், எல்லாம் வளைவுதான். சிலாங்கூர் ஆற்று அணையில் பத்து நிமிடம் நில்லுங்கள். வழியில் சிலிங் அருவிக்கான பலகை தெரியும். அழகான அருவி, கெலா மீன் காப்பகமும்கூட. ஆனால் அங்கே போக ஆற்றையே பல முறை குறுக்கே கடக்க வேண்டும், மழைக் காலத்தில் மூடிவிடவும் செய்வார்கள். நீச்சல் தெரியாதவரை அழைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். அவர் நீச்சல் கற்றுக்கொண்ட பிறகு அதற்கென்றே இன்னொரு நாள் போகலாம். இதே மலைப்பாதையில்தான் 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியை கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து சுட்டார்கள். அந்த வளைவுகளைப் பார்த்தால் பதுங்குவது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டு மணிக்குள் மேலே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும், மோட்டாருக்கு அது ஆகாது. இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறைத்து வரச் சொல்லுங்கள். இரவில் குளிரும், ஆளுக்கொரு தடித்த சட்டை அவசியம்.

இப்போது காசு. பெட்ரோல் 20 வெள்ளிக்குள். நுழைவுக்கும் பார்க்கிங்கிற்கும் 10. இரண்டு நாள் சாப்பாட்டுக்கு 100, காலைப் பலகாரத்தை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனால். அறைக்கு 150, அதற்கு மேல் ஒரு காசு கொடுக்காதீர்கள். பள்ளி விடுமுறை இல்லாத வாரமாகப் பார்த்து முன்கூட்டியே போன் செய்து பேசுங்கள். மிச்சம் 70 வெள்ளியைத் தொடாதீர்கள், டயர் பஞ்சரானால் உதவும். கட்டிலில் ரோஜா இதழ் தூவி "ஹனிமூன் பேக்கேஜ்" என்று தனியாகக் கேட்பார்கள். அந்த இதழைக் கூட்டிப் பெருக்குவதும் நீங்கள்தான், வேண்டாம்.

கீழே தங்கினால் இன்னும் மலிவு என்று அவர் கணக்குப் போடுவார். ஒத்துக்கொள்ளாதீர்கள். காலை ஏழு மணிக்கு மணிக்கூண்டுப் பக்கம் பனி விலகும் நேரத்தில் கையில் சூடான தேத்தண்ணியோடு நிற்கத்தானே இவ்வளவு தூரம் போகிறீர்கள்? கூடாரம் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அனுமதி உள்ள இடமா, சரிவுக்குக் கீழேயா என்று இரண்டையும் கேளுங்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங் காலி முகாம் மேல் மலை சரிந்து 31 பேர் இறந்தார்கள். அந்த ஊர் உங்கள் வழியில்தான் இருக்கிறது.

ஞாயிறு காலை ஹெம்மண்ட் பாதையில் நடங்கள். குட்டைப் பாதை, நிழல், நிறையப் பறவைகள். தெம்பிருந்தால் பிஷப் பாதையையும் சேர்த்துக்கொள்ளலாம். பைன் ட்ரீ பாதை அரைநாள் எடுக்கும், இந்த முறை விடுங்கள். ஜெரியாவ் அருவிக்குப் பெரிய எதிர்பார்ப்போடு போகாதீர்கள், கஞ்சிங்கைப் பார்த்த கண்ணுக்கு அது சின்னதுதான். மலைக்குப் பெயர் கொடுத்த பிரேசர் ஈயத் தொழிலுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். கடைசியில் எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே குறுக்குவழி என்று யார் கை காட்டினாலும் பாதையை விட்டு விலகாதீர்கள். மதியத்துக்கு முன் இறங்கிவிடுங்கள்.

கேள்வி: மழைக்காட்டில் நடக்க ஆசைதான். அட்டைக்குப் பயந்து என் மனைவி வர மறுக்கிறாள். என்ன செய்வது?
– வாசகர், கிள்ளான்

பதில்: பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள் தம்பி, முதல் அட்டையிலேயே உங்கள் பேச்சு எடுபடாமல் போய்விடும். அட்டை இருக்கும் என்று சொல்லியே அழைத்துப் போங்கள். மழை பெய்த மறுநாள் பாதையோர இலை நுனியில் தீக்குச்சிக் கனத்தில் ஒன்று நிமிர்ந்து நின்று, தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டித் தேடும். நீங்கள் நின்று பேசினால் ஏறும், நடந்துகொண்டே இருந்தால் குறையும். நீளக் காலுறை போட்டு, பேன்ட்டை அதற்குள் சொருகி, மேலே புகையிலை ஊறிய தண்ணீரைத் தடவுங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர்கள் செய்ததுதான் இது. கடித்தால் பிய்க்காதீர்கள். நகத்தை வாய்ப்பக்கம் வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் சிறிது நேரம் கசியும், அவ்வளவுதான். துடைத்து பிளாஸ்டர் போடுங்கள். முதல் அட்டை உங்கள் காலில் ஏறட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள், அதைப் பார்த்துச் சிரித்தால் அவர் பயம் பாதி போய்விடும்.

கேள்வி: எனக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது. இரு வீட்டாரும் பகலில் மட்டும் வெளியே போகலாம் என்கிறார்கள். பினாங்கிலேயே 100 வெள்ளிக்குள் மலை, அருவி இரண்டும் முடியுமா? தாவரவியல் பூங்காவில் அருவி உண்டு என்கிறார்கள், நான் பார்த்ததே இல்லை.
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: நீங்கள் பார்க்காததில் வியப்பில்லை. அருவி இருக்கிறது, ஆனால் குடிநீர் வாரியத்தின் வேலிக்கு உள்ளே. அனுமதி இல்லாமல் போக முடியாது. இத்தனைக்கும் அந்தப் பக்கம் முழுவதையும் நாம் தண்ணீர்மலை என்றுதான் சொல்கிறோம்.

மலை முடியும். காலை ஏழரைக்குப் பூங்காப் பக்கத்து மூன் கேட் வாசலில் ஆரம்பியுங்கள். நன்கு விடிந்த பிறகுதான் கிளம்ப வேண்டும், அவர்கள் வீட்டுக்கும் அது திருப்தி. வழியில் 84 என்ற தேநீர்க் கொட்டகை வரும், உட்காருங்கள். அங்கே வரும் முதியவர்கள் உங்களை முந்திக்கொண்டு போவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு ஜீப் சாலை. செங்குத்தான தார்ச்சாலை என்பதால் அழகு குறைவு, முழங்கால் வலி நிச்சயம். நிறுத்தி நிறுத்தி ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் கொடிமலை (பினாங்கு ஹில்). இறங்க நடக்காதீர்கள், ரயிலில் ஒருவழிச் சீட்டு வாங்குங்கள். மைகாட் அடையாள அட்டையைக் காட்டினால் விலை குறையும். 1923 முதல் ஓடும் ரயில். 2011-இல் புதுப் பெட்டி வந்த பிறகு நடுவழியில் மாறி ஏறும் வேலையும் இல்லை. முன்பு அரைமணி நேரம் ஊர்ந்து வந்தது. அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும், காதலர்களுக்கும் அதுதான் வசதி என்று நினைக்கிறேன். கீழே ஆயர் ஈத்தாமிலிருந்து 204 பஸ் கோம்தாருக்கு வரும்.

அருவிக்கு இன்னொரு நாள் வையுங்கள். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலையில் தீத்தி கெராவாங். மோட்டார் வேண்டும், பஸ்ஸை நம்ப முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் போனால் பாறையைத்தான் பார்ப்பீர்கள். ஜூன், ஜூலையில் போனால் சாலையோரமே டுரியான் கடை. வாசனையோடு வீட்டுக்குப் போனால் எங்கே போனீர்கள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.

கேள்வி: நாங்கள் இருவர் மட்டும் எங்காவது போகலாம் என்று பேச ஆரம்பித்தாலே அத்தை "நானும் வரேன்" என்கிறார். நல்லவர்தான், முட்டி வலிக்காரர். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எங்களிடம் பழைய கஞ்சில் கார் இருக்கிறது.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நீங்கள் சொல்லவே கூடாது, தங்கச்சி. மருமகள் சொன்னால் அது பத்து வருடத்துக்குப் பேச்சாக இருக்கும். மகன் சொல்லட்டும், அதுவும் கிளம்பும் நாளன்று அல்ல, இரண்டு வாரம் முன்பே. அதற்கும் முன்னால் அத்தைக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். அவர் கேட்பது அருவியை அல்ல, காரின் முன்சீட்டை.

அந்த ஞாயிறு கெடாவில் குனோங் ஜெராய் மலைப் பக்கத்து மெர்போக் போங்கள். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படை அனுப்பிய கடாரம் அந்தப் பக்கம்தான். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தில், புக்கிட் பத்து பஹாட்டில் தோண்டியெடுத்த பழைய கோயிலின் கல் அடித்தளத்தைத் திரும்ப அடுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஓடை சலசலக்கும். சிறிது ஏற்றம் உண்டு, மகன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் தண்ணீர் போத்தலை எடுத்துக்கொண்டு பின்னால் வாருங்கள். சுங்கைப்பட்டாணியில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புங்கள். அத்தைக்கு ஒரு மாதத்துக்கு அக்கம்பக்கத்தில் பேச விஷயம் கிடைத்துவிடும்.

அடுத்த மாதம் நீங்கள் இருவரும் அதே மலையின் மறுபக்கம், யான் என்ற ஊருக்குப் போங்கள். 1,217 மீட்டர் குனோங் ஜெராயின் அடிவாரத்தில் தீத்தி ஹாயூன் அருவி. அங்கிருந்து மேலே ஏற ஆயிரக்கணக்கான படிகள் கொண்ட பாதை உண்டு. பழக்கமில்லாதவர்கள் ஒரு மணி நேரம் ஏறித் திரும்பினாலே போதும். மலைமேல் விடுதியில் தங்கினால் காசு கரையும், யானில் வயலோர ஹோம்ஸ்டே பாருங்கள். கஞ்சிலை உச்சிவரை ஓட்டிப் பார்க்கும் ஆசை அவருக்கு வரலாம், ரேடியேட்டரை முதலில் பட்டறையில் காட்டச் சொல்லுங்கள். சனி இரவு அத்தைக்குச் சாப்பாடு யார் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பதையும் மகனே பேசி முடிக்கட்டும், உங்கள் நாத்தனார் வீடு எவ்வளவு தூரம்?