உங்கள் 10 யூரோ நினைவு நாணயம் வெள்ளிதானா?

கேள்வி: ஜெர்மனியின் 2012-ம் ஆண்டு 10 யூரோ நினைவு நாணயம் ஒன்று வாங்கினேன். நவீன ஓவியம் போல வெறும் கோடுகளும் வளைவுகளுமான வடிவம். ‘925 வெள்ளி’ என்று சான்றிதழும் கொடுத்தார்கள். ஆனால் அது வெள்ளியே இல்லை என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: சான்றிதழ் தவறு. நாணயத்தைப் பார்க்காமலே இதைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் 2012-ல் ஜெர்மனி 925 வெள்ளியில் (ஆயிரம் பங்கில் 925 பங்கு சுத்த வெள்ளி) 10 யூரோ வெளியிடவில்லை. நண்பர் சொல்வது சரியா என்பதைத் தராசுதான் சொல்ல வேண்டும்.

2002 முதல் 2010 வரை வந்த 10 யூரோ 925 வெள்ளி, எடை 18 கிராம். காஸல் நகரின் டாக்குமென்டா கலைக் கண்காட்சிக்கான 2002 நாணயம், டெசாவ் நகரின் பௌஹவுஸ் கலைப்பள்ளிக்கான 2004 நாணயம் எல்லாம் இந்த வகை. வெள்ளி விலை ஏறி, உலோகத்தின் மதிப்பு முகமதிப்பை, அதாவது நாணயத்தில் அச்சிட்ட 10 யூரோவை, தாண்டும் நிலை வந்ததும் 2011-ல் மாற்றினார்கள்.

குழப்பம் அங்கேதான் ஆரம்பம். 2011 முதல் 2015 வரை ஒரே வடிவம், ஒரே ஆண்டு, ஒரே முகமதிப்பு, ஒரே 32.5 மில்லிமீட்டர் விட்டம். ஆனால் உலோகம் இரண்டு. சாதாரணமாக அச்சடித்தது செம்பு-நிக்கல் கலவை, 14 கிராம். அதில் வெள்ளி துளியும் இல்லை. கண்ணாடிப் பளபளப்புள்ள ‘ப்ரூஃப்’ வகை மட்டும் 625 வெள்ளி, 16 கிராம். அதற்குள் இருக்கும் சுத்த வெள்ளி 10 கிராம். முகமதிப்பையாவது மாற்றியிருக்கலாம். மாற்றாமல் விட்டதால் ஏமாற்றுபவர்களுக்கு ஐந்து வருட சரக்கு கிடைத்துவிட்டது. 2016-ல்தான் 20 யூரோ என்று பெயரை மாற்றி, 18 கிராம், 925 வெள்ளிக்குத் திரும்பினார்கள்.

0.01 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு போதும். முதலில் இரண்டு 2 யூரோ காசுகளை வைத்துப் பாருங்கள், 17 கிராம் காட்ட வேண்டும். பிறகு உங்கள் நாணயத்தை விளிம்பில் பிடித்து வையுங்கள். 14 என்றால் நண்பர் சொன்னது சரி, 16 என்றால் வெள்ளி. காந்தத்தை நம்ப வேண்டாம். வெள்ளியும் ஒட்டாது, செம்பு-நிக்கலும் ஒட்டாது. ப்ரூஃப் நாணயம் மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில் இருந்தால் எடை பார்ப்பதற்காக அதை உடைக்காதீர்கள், விலை இறங்கிவிடும்.

உறையோடு இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 14 கிராம் நாணயத்தைத் தேய்த்து மெருகேற்றி, ஒரு உறையில் போட்டு ‘ப்ரூஃப்’ என்று விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். நவீன வடிவ நாணயங்களில் வெற்றிடம் அதிகம், அதனால் தேய்ப்பதும் சுலபம். 10 மடங்கு பெருக்கும் லென்ஸால் முகமதிப்பில் உள்ள ‘0’-வின் உள்வட்டத்தைப் பாருங்கள். நிஜ ப்ரூஃபில் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளும் கண்ணாடி போல இருக்கும். தேய்த்ததில் வெளியே மின்னும். மெருகுத்துணி உள்ளே புகாததால் வட்டத்துக்குள் மங்கலாகவே இருக்கும். எழுத்துகளின் விளிம்பும் மழுங்கியிருக்கும்.

வண்ணம் பூசியது, தங்க முலாம் போட்டது என்று ‘சிறப்புப் பதிப்பு’ வந்தால் வாங்கவே வேண்டாம். இந்த 10 யூரோ வரிசையில் வண்ணம் பூசுவது வியாபாரிகள் வேலை, அரசின் வேலை அல்ல. சேகரிப்பாளர் கண்ணுக்கு அது சேதப்பட்ட நாணயம். ‘ஜெர்மன் சில்வர்’ என்ற சொல்லிலும் உஷாராக இருங்கள். செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவைக்குத்தான் அந்தப் பெயர். ஜெர்மன் நாணயம் என்ற பேச்சோடு கலந்து அதையும் வெள்ளி என்று தள்ளிவிடுகிறார்கள்.

விற்பவரிடம் போகும்போது சான்றிதழைப் பற்றி வாதாட வேண்டாம். ‘10 யூரோ, 2012, 625 வெள்ளி, 16 கிராம், ப்ரூஃப்’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். திரும்பக் கிடைக்காவிட்டாலும், நாணயம் அசலாக, யாரும் கைவைக்காததாக இருந்தால் ஜெர்மனிக்குள் அது 10 யூரோவுக்குச் செல்லும். மற்ற யூரோ நாடுகளில் செல்லாது.