பண்டிகையில் பிள்ளைக்கென்று ஒரு வேலை

கேள்வி: நாகர்கோவில் பக்கம் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 5 வயது, 9 வயது. தீபாவளி என்றால் புது டிரஸ், கிறிஸ்துமஸ் என்றால் பள்ளியில் சாண்டா தாத்தா, கிஃப்ட். எந்தப் பண்டிகை வந்தாலும் "என்ன வாங்கித் தருவீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். பண்டிகையின் அர்த்தத்தை எப்படிப் புரியவைப்பது?

பதில்:

உட்காரவைத்துச் சொல்லி அர்த்தத்தைப் புரியவைக்க முடியாது. ஐந்து வயசுப் பிள்ளைக்குப் பண்டிகை என்றால் கையில் ஒட்டுகிற மாவும் மூக்கில் ஏறுகிற வாசனையும்தான். வீட்டில் அதற்கென்று ஒரு வேலையும் இல்லாதபோது மிச்சம் இருப்பது கடையில் வாங்குவது ஒன்றே. அதனால்தான் அதைக் கேட்கிறது. ஒவ்வொரு பண்டிகையிலும் பிள்ளை செய்தால்தான் காரியம் நடக்கும் என்கிற மாதிரி ஒரு வேலையை ஒதுக்கிக் கொடுங்கள். "தொடாதே மக்களே, அங்க நின்னு பாரு" என்று ஓரமாக நிறுத்துவதில் எதுவும் ஒட்டாது.

எல்லாப் பண்டிகையிலும் இதைச் செய்ய முயலவேண்டாம், களைத்துப்போவீர்கள். வருஷத்துக்கு நாலு போதும். முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வது திருக்கார்த்திகையை. டி.வி. விளம்பரம் இன்னும் அதிகம் தொடாத பண்டிகை அது. அன்றைக்குப் பனையோலைக்குள் மாவை வைத்து அவிக்கிற ஓலைக் கொழுக்கட்டையோ பிள்ளைகளின் கைக்கென்றே அமைந்த பண்டம்.

வறுத்த பச்சரிசி மாவு அரை கிலோ, கருப்பட்டி 350 கிராம், ஒரு மூடித் தேங்காய்த் துருவல், வறுத்து உடைத்த சிறுபயறு 100 கிராம், ஏலக்காய் ஐந்து, கொஞ்சம் சுக்குப்பொடி. கருப்பட்டியைத் தட்டி 300 மில்லி தண்ணீரில் கரைய விடுங்கள். பாகு பதம் வேண்டாம், கரைந்தால் போதும். கட்டாயம் வடிகட்டவேண்டும். கருப்பட்டியில் மண் இருக்கும், ஒரு துணுக்கு பல்லில் கடிபட்டால் பிள்ளை அப்புறம் அந்தப் பண்டத்தைத் தொடாது. தேங்காய், பயறு, ஏலக்காய், சுக்கு எல்லாம் கலந்த மாவில் சூடான கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். கரைசலில் கால் பங்கை ஊற்றாமல் நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு அளவு குடிக்கும். உள்ளங்கையில் பிடித்தால் பிடித்தபடி நிற்பதுதான் பதம். குருத்துப் பனையோலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, அதன் மடிப்புக்குள் மாவை வைத்து மூடி, ஓலைக் கீற்றாலேயே இரண்டு இடத்தில் கட்டி, இட்லிப் பானையில் 20 முதல் 25 நிமிஷம் அவிக்கவேண்டும். பிரித்தால் ஓலையில் மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடத்தில். மாவை வறுக்காமல் விட்டால் உள்ளே களிபோலப் பிசுபிசுக்கும். தண்ணீர் கூடினால் மாவு ஓலையின் இரண்டு நுனியிலும் வழிந்து பானைத் தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறமாகிவிடும். முற்றிய ஓலை மடிப்பில் விண்டுபோகும். வேறு கிடைக்காவிட்டால் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுங்கள், வளைந்து கொடுக்கும். ஓலை கிடைக்காதவர்கள் திரளி இலையில் இதே மாவைச் சுற்றி அவிக்கலாம், அதன் மணமே தனி.

சின்னதுக்கு வேலை: ஈரத்துணியால் ஓலையைத் துடைப்பது. நீளவாக்கில் துடைக்கச் சொல்லிக்கொடுங்கள். விளிம்பில் விரலைக் குறுக்கே இழுத்தால் கீறிவிடும். பெரியதுக்கு: கருப்பட்டி தட்டுவது, நிறுப்பது, கட்டுப் போடுவது. பக்கத்து வீடுகளுக்கு எத்தனை என்று எண்ணிப் பாத்திரத்தில் வைப்பதையும் அதனிடமே விடுங்கள். "இது நான் கெட்டினது" என்று ஒரு பிள்ளை சொல்லிக்கொண்டு கொண்டுபோய்க் கொடுக்கிற கொழுக்கட்டை இருக்கிறதே, அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அடுத்து சிவராத்திரி. சிவாலய ஓட்டத்துக்கு இந்த வயசுப் பிள்ளைகளை அழைத்துப்போகாதீர்கள். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவன் கோயிலுக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடுவது அது. அதற்குப் பதிலாக, ஓடுகிறவர்கள் வருகிற வழியில் மோரோ பானகமோ கொடுக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். டம்ளரை நீட்டுவது சின்னதின் வேலை, காலி டம்ளரைக் கழுவுவது பெரியதின் வேலை. கையில் பனையோலை விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று சத்தமிட்டு வருவார்கள். சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஏன் கோவிந்தனைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒன்பது வயசு கட்டாயம் கேட்கும். அப்போது சொல்லவேண்டிய கதையைத் தயாராக வைத்திருங்கள்: பாதி மனிதனும் பாதி மிருகமுமான சிவபக்தன், பெருமாள் பெயரைக் கேட்டாலே கோபம் வரும் புருஷாமிருகத்திடம், கிருஷ்ணர் கொடுத்த 12 ருத்திராட்சத்தோடு பீமன் போகிறான். கோவிந்தா என்று கூவுகிறான், அது துரத்துகிறது, இவன் ஒரு ருத்திராட்சத்தைத் தரையில் வைக்கிறான், அது லிங்கமாகிறது, மிருகம் துரத்துவதை விட்டுப் பூஜை செய்ய நின்றுவிடுகிறது. இவன் மறுபடி ஓடுகிறான். பிள்ளை கேட்டபிறகு சொல்லும் கதைதான் மனசில் நிற்கும்.

கிறிஸ்துமஸ் விஷயத்தில் பல பெற்றோர் தடுமாறுகிறார்கள். 2011 கணக்கெடுப்புப்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம். "அது அவங்க பண்டிகை" என்று கையை உதறுவது இங்கே சரியாகவும் இல்லை, நடக்கவும் நடக்காது. பண்டிகையையும் சாண்டா வியாபாரத்தையும் பிரித்துக் காட்டுங்கள், ஒன்பது வயசுக்கு நன்றாகவே புரியும். சாண்டாவுக்கு மூலமான புனித நிக்கோலாஸ் 4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா என்ற ஊரின் ஆயர். சிவப்புச் சட்டையும் தொப்பையுமாக அவரை மாற்றியது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பத்திரிகைப் படங்கள். அந்த உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் 1931-இல் தொடங்கிய கோகோ கோலா விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இதைச் சொல்லிவிட்டு, தெரிந்த கிறிஸ்தவ வீட்டுக்குக் குடில் பார்க்க அழைத்துப்போங்கள். கையில் முந்திரிக்கொத்து கொண்டுபோங்கள். நம் ஊரில் இரண்டு வீட்டுப் பண்டிகைக்கும் பொதுவான பலகாரம் அது.

இதேபோல ஆடித் தள்ளுபடிக்கும் காரணம் சொல்லலாம். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, ஜவுளிக் கடையில் கூட்டம் இருக்காது, அதனால் விலையைக் குறைத்து அழைக்கிறார்கள். விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிள்ளையிடம் அதன் பிடி தளரும்.

சுசீந்திரம் தேரோட்டம், குழித்துறை வாவுபலி பொருட்காட்சி மாதிரி இடங்களில் கடைகளைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். பலூனும் ராட்டினமும் திருவிழாதான். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் சாமி, தேர், பிறகு சாப்பாடு, கடைசியில் கடை. கடையை முதலில் காட்டினால் பிள்ளையின் கண் தேர்ப் பக்கம் திரும்பாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஆளுக்கு 100 ரூபாயைப் பத்துப் பத்து ரூபாயாகக் கையில் கொடுத்துவிடுங்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். முதல் கடையிலேயே எல்லாம் போய்விட்டால் அழட்டும், அந்த இடத்தில் இளகிவிடாதீர்கள். அடுத்த வருஷம் மூன்று கடை பார்த்துவிட்டுத்தான் வாங்கும். இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் தாத்தா, ஆச்சியால். "பிள்ளை கேக்குதுல்லா" என்று இன்னொரு 200 ரூபாய் வந்துவிடும். முந்தின நாளே அவர்களிடம் பேசிவிடுங்கள். பணத்துக்குப் பதிலாகச் சாமி வாகனங்களின் பெயரும் பழைய திருவிழாக் கதையும் சொல்கிற பொறுப்பை அவர்களுக்குக் கொடுங்கள். சுசீந்திரம் திருவிழாவின் மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்பு, கோட்டாறு பிள்ளையாரும் வேளிமலை முருகனும் அம்மா அப்பாவின் திருவிழாவுக்கு வருகிற நாள். பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது, தேர் நாள் அளவுக்கு நெரிசலும் இருக்காது. தேர் நாளில் வடத்துக்கு உள்ளே பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். தேர் நின்றபிறகு தொட்டுக் கும்பிடலாம். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

பணம் என்றதும் சித்திரை விஷு ஞாபகம் வருகிறது. விடிந்ததும் முதலில் கண்ணில் படவேண்டிய மங்கலப் பொருள்களை, அதாவது கணியை, முந்தின ராத்திரி வைக்கும்போது கொன்றைப்பூவை அடுக்கும் வேலை பிள்ளைகளுக்கு; காம்போடு பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தால் காலையில் உதிராது. பெரியவர்கள் கொடுக்கிற காசான கைநீட்டம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும், பத்து ரூபாய் நாணயமே போதும். வெளியூர் மாமா போனில் பணம் அனுப்பினால், அதை நாணயமாக மாற்றி ஆச்சி கையில் கொடுத்து, மாமா பெயரைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.