கேளுங்க டீச்சர்: "சூப்பர்டி"ன்னு எழுதினா அது ஃபீட்பேக்கா?

இந்த மாசம் வந்த கடுதாசில பாதி ஒரே விஷயம்தான். வீட்டுச் சாப்பாட்டை பத்தி ரெண்டு பக்கம் எழுதணும், இல்லன்னா ஒரு பாட்டை எடுத்து கிளாஸ்ல பேசணும், கூட படிக்கிறவங்க அதுக்கு கருத்து எழுதணும், இப்படி அசைன்மென்ட் குடுக்கிறாங்களாம். எழுதுறதை விட கருத்து சொல்றதுலதான் எல்லாருக்கும் சண்டை வருது போல.

டீச்சர், நான் பி.ஏ. ரெண்டாம் வருஷம். எங்க ஆச்சி வைக்கிற சொதிய, அதான் தேங்காய்ப்பால் குழம்பை, பத்தி எழுதினேன். என் ஃப்ரெண்ட் படிச்சுட்டு "சூப்பர்டி, அழுதுட்டேன்"னு எழுதி மூணு ஹார்ட் வரைஞ்சு குடுத்தா. மேம் "இதெல்லாம் ஃபீட்பேக்கே இல்ல"ன்னு ரெண்டு பேரையும் திட்டிட்டாங்க. அழுதேன்னு சொல்றது ஃபீட்பேக் இல்லையா? கட்டுரையும் அனுப்பியிருக்கேன். — வாசகி, பாளையங்கோட்டை

நிஜமாவே அழுதிருந்தா அது பாதி ஃபீட்பேக்மா. எந்த வரில அழுதாள்னு சொல்லலையே, மிச்ச பாதி அங்கதான் இருக்கு. கல்யாண வீட்டுல சமைக்கிற தவசிப்பிள்ளைகிட்ட போய் "சாப்பாடு சுமார்"னு சொன்னா துண்டை உதறி தோள்ல போட்டுட்டு அவர் பாட்டுக்கு போயிடுவார், "ரெண்டாம் பந்தில வந்த ரசத்துல புளி தூக்கல்"னு சொல்லு, மூணாம் பந்திக்குள்ள சரி பண்ணிடுவார்.

உன் கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன். முதல் பக்கத்துல "கைமணம்" மூணு இடத்துல வருது, எனக்கு ஒரு மணமும் வரல. ரெண்டாம் பக்கத்துலதான் கதவு திறக்குது. ஆச்சி முதல் பாலை தனியா மூடி வச்சுட்டு, மூணாம் பால்ல காயை வேகவிட்டு, ரெண்டாம் பாலை சேர்த்து, கடைசில முதல் பாலை விட்ட உடனே நீ போனை பாத்துட்டு நிக்கிறதை பாத்து "அடுப்பை அணைட்டீ, கொதிச்சா திரிஞ்சு போகும்"னு கரண்டியோட ஓடி வர்றாங்க பாரு, அங்க நான் உங்க அடுப்படில நின்னேன். உன் ஃப்ரெண்ட் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான், நான் எங்க உள்ள வந்தேன், எங்க வெளியவே நின்னேன்னு.

அப்புறம் ஒரு கேள்வியும் அவ கேட்டிருக்கலாம். மறுவீட்டு விருந்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்டாச்சு, இஞ்சித் துவையல் கூட வழிச்சாச்சு, பாத்திரம் கழுவப் போட்டாச்சுன்னு எழுதியிருக்கே. ஆச்சி என்னத்தை சாப்பிட்டாங்க? தெரியலன்னா போய் கேட்டுட்டு வா.

இந்த மாதிரி ஒரு கேள்வி எனக்கு ஒரு தடவை வந்துச்சு. டீச்சர் ட்ரெய்னிங் படிக்கும்போது ரேஷன் அரிசி பத்தி நாலு பக்கம் எழுதினேன், வறுமை, பசி, சமுதாயம்னு பெரிய பெரிய வார்த்தையா போட்டு. பக்கத்து பெஞ்ச் பொண்ணு படிச்சுட்டு ஓரத்துல பென்சில்ல ஒரே வரி எழுதியிருந்தா: "அன்னைக்கு நீ சாப்டியா?" நாலு பக்கத்துல அதை மட்டும் நான் எழுதவே இல்ல. அந்த தாளை இன்னும் வச்சிருக்கேன்.

குறுந்தொகை 167-ஐ பத்தி டிஸ்கஷன். "பொண்டாட்டிய அடுப்படில நிக்கவச்சுட்டு 'நல்லா இருக்கு'ன்னு ஒரு வார்த்தைல முடிச்சிடுற பாட்டு"ன்னு நான் சொன்னேன். குரூப்ல எல்லாரும் "சங்க இலக்கியத்தை அசிங்கப்படுத்துறே"ன்னு ஃபீட்பேக் ஷீட்ல எழுதிட்டாங்க. நான் சொன்னது தப்பா? — மாணவன், விழுப்புரம்

தப்பு சரி அப்புறம் பாக்கலாம் தம்பி, முதல்ல உன் குரூப் எழுதினது உன்னை பத்தி, உன் வாசிப்பை பத்தி அதுல ஒரு வரி இல்ல. அது செல்லாது.

பாட்டுக்கு வருவோம். கூடலூர் கிழார் பாட்டு, ஆறே வரி. கட்டித் தயிரை விரலால பிசையுறா, அந்த விரலை சேலைல துடைச்சுட்டு அதை துவைக்காமலேயே உடுத்தியிருக்கா, தாளிக்கிற புகை கண்ணுல ஏறுது, தானே துழாவி வச்ச புளிக்குழம்பை புருஷன் "இனிது"ன்னு சாப்பிடுறான், அவ முகம் "நுண்ணிதின் மகிழ்ந்தன்று", அதாவது தெரிஞ்சும் தெரியாம மகிழ்ந்துச்சு. நீ சொன்ன மாதிரி ஒரே வார்த்தைதான், அதுல உன் கண்ணு சரியாத்தான் போயிருக்கு. நானும் கல்யாணமான புதுசுல இந்த பாட்டை படிச்சுட்டு "அவன் எழுந்து அந்த புகைக்கு ஜன்னலை திறந்தானா?"ன்னு கடுப்பானவதான்.

ஆனா நீ ஒண்ணை விட்டுட்டே, உன் குரூப்ல ஒருத்தராவது அதை எடுத்துக் குடுத்திருக்கணும்: இதை யார் சொல்றா? செவிலித்தாய். பொண்ணு குடும்பம் நடத்துறதை போய் பாத்துட்டு வந்து பெத்தவகிட்ட சொல்றா. வீட்டுல செல்லமா வளர்ந்த பொண்ணு இப்போ அழுக்குச் சேலையோட புகைல நிக்கிறதை கவனிச்சது அந்தக் கண்ணுதான். புருஷன் சொன்னது ஒரு வார்த்தை, செவிலி பாத்தது விரல், சேலை, கண்ணு, முகம். அது சந்தோஷமா, கவலையா, ரெண்டும் கலந்ததான்னு பேச ஆரம்பிச்சிருந்தா உங்க பீரியட் பத்தியிருக்காது. "நீ சொன்னதை கேட்டதும் எனக்கு இது தோணுச்சு, நாலாவது வரிய பாரு"ன்னு எழுதிக் குடுத்தா உனக்கும் கோபம் வந்திருக்காது, பாட்டும் இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும்.

எங்க தாத்தா மாட்டுக்கறில உப்புக்கண்டம் போட்டு மாடில கயித்துல காயப்போடுவார், நான் குச்சியோட காக்கா விரட்டுவேன். அதை எழுதினேன். படிச்ச பையன் "நல்ல நடை, ஆனால் இதைத் தவிர்த்திருக்கலாம்"னு எழுதியிருக்கான். இனிமே எழுதவே மனசில்ல. — பெயர் வேண்டாம்

"தவிர்த்திருக்கலாம்"ங்கிறது உங்க தாத்தாவை பத்தின கருத்து, உன் எழுத்தை பத்தினது இல்ல. அவன்கிட்ட நீயே கேளு, எந்த வரி புரியல, எந்த வரி சரியா நிக்கலன்னு. பதில் இருக்காது.

பூனே பல்கலைக்கழகத்துல ஷர்மிளா ரேகேவும் அவங்க மாணவர்களும் சேர்ந்து தலித் வீடுகளோட சாப்பாட்டு நினைவுகளை 2009-ல புத்தகமாவே கொண்டு வந்தாங்க. அந்த புத்தகம் வந்ததும் ஒரு வகுப்பறைல இருந்துதான். உன் காக்கா குச்சி அந்த வரிசைல உக்காரும். இப்போதைக்கு எழுதி உன்கிட்டயே வச்சுக்கணும்னாலும் வச்சுக்கோ, யார் கையில குடுக்கணும்ங்கிறது உன் முடிவு. கிளாஸ் எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு: யார் தாளை யார் படிக்கணும்னு சீட்டு குலுக்கிப் போடாதீங்க, பசங்களை கேளுங்க.

என் மாணவர்கள் ஃப்ரெண்டுக்கு 10-க்கு 10, பிடிக்காதவனுக்கு 4 போடுறாங்க. என்ன செய்ய? — ஆசிரியர், தர்மபுரி

மார்க்கை பிடுங்கிடுங்க சார். நன்னூல்ல பவணந்தியார் அப்பவே கணக்கு போட்டு வச்சுட்டார், ஆசான்கிட்ட ஒழுங்கா கேட்டாலும் கால் பங்குதான் வரும், கூட படிக்கிறவங்களோட பழகிப் பேசுறதுல இன்னொரு கால், அடுத்தவங்களுக்கு எடுத்துச் சொல்லும்போது மிச்ச அரை. அதுல எங்கயும் பசங்க ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடச் சொல்லல.

என் மகள் "விருந்தாளி வந்தால் அம்மா சாம்பாரில் வெந்நீர் ஊற்றுவாள்" என்று எழுதி கிளாஸ் முழுக்க படிச்சு சிரிச்சிருக்காங்க. அவ தோழிங்க வீட்டுக்கு வந்தா எந்த முகத்தோட சாம்பார் பரிமாறுவேன்? — ஒரு அம்மா, மன்னார்குடி

சிரிச்ச பசங்க வீட்டுலயும் அந்த வெந்நீர் ஊத்தியிருக்காங்க அம்மா, அதனாலதான் சிரிப்பு வந்திருக்கு. ஆனாலும் உங்க வருத்தம் நியாயம். வீட்டு ஆளை பத்தி எழுதினா கிளாசுக்கு போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டணும், "அம்மாகிட்ட காட்டினியா?"ன்னு கூட படிக்கிற ஒரு பிள்ளையாவது கேட்டிருக்கணும். உங்க பொண்ணை இன்னைக்கு ராத்திரி உக்காரவச்சு முழுசா படிக்கச் சொல்லுங்க, சிரிப்பு வரி மட்டும் இல்ல, முழுசும். தப்பா இருக்கிற இடத்தை சொல்லுங்க, திருத்தட்டும்.

எனக்கு ஒரு சந்தேகம், நீங்கதான் சொல்லணும். நாலு பேர் சாம்பாரை எட்டு பேருக்கு நீட்டும்போது உப்பையும் புளியையும் எப்படி ஈடு கட்டினீங்க? நான் செஞ்சப்ப எல்லாம் வெறும் மஞ்சத் தண்ணியாத்தான் நின்னுச்சு.