1806 வேலூர்ச் சிப்பாய்: பஸ்ட் பெயிண்டிங் கேள்வி பதில்

வேலூர்க் கோட்டைக் கிளர்ச்சிக் காலத்து மெட்ராஸ் சிப்பாய் பஸ்ட்டுக்கு (தலையும் மார்பும் மட்டும் உள்ள சிறு ரெசின் சிலை) வண்ணம் தீட்டுவது பற்றி, சித்தூர் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

பலமனேர்: அண்ணா, பெட்டியில் 'மெட்ராஸ் சிப்பாய்' என்று மட்டும் போட்டிருக்கிறது. நெற்றியில் நாமம், காதில் கடுக்கன் வைக்கலாமா?

வருஷத்தை முடிவு பண்ணாமல் தூரிகையைத் தொடாதீர்கள் தம்பி. 1805 கடைசியிலும் 1806 தொடக்கத்திலும், தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில், மெட்ராஸ் படைக்குப் புது உத்தரவுகள் வந்தன. சீருடையில் இருக்கும்போது சாதி, மதக் குறி கூடாது, கடுக்கன் கூடாது. தாடையை மழிக்க வேண்டும், மீசை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதனால் 1804 என்றால் நாமமோ விபூதியோ தாராளமாக வைக்கலாம். 1806 ஜூலை என்றால் நெற்றியும் காதும் வெறுமையாக இருக்கணும்.

நான் என்ன செய்வேன் என்றால், காது மடலில் ஊசி முனையால் ஒரு துளை போட்டு, உள்ளே கரும்பழுப்பு ஒரு பொட்டு வைப்பேன். கடுக்கனைக் கழற்றச் சொல்லிக் கழற்றிய காது அது. மழித்த தாடைக்கு நீலம் கலந்த சாம்பலை நன்றாக நீர்க்கவிட்டு ஒரு பூச்சு. பார்க்கிறவர் கவனிக்காமல் போகலாம், ஆனால் பஸ்ட்டில் முகமும் சீருடையின் பகுதிதான்.

நகரி: நாங்கள் தறிக்காரர்கள், துணி மடிப்பு எங்களுக்குத் தெரியும். இந்தத் தலைப்பாகையில் மடிப்பே சரியாக இல்லையே, சிற்பி தப்பு பண்ணிவிட்டாரா?

உங்கள் கண் சரிதான், ஆனால் சிற்பியும் தப்பு பண்ணவில்லை. புதுத் தலைப்பாகை வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி இருக்கிறது என்பதுதான் சிப்பாய்களின் கோபமே. அதில் தோலால் செய்த அலங்காரச் சின்னம் வேறு. எந்த மிருகத்தின் தோலோ என்று இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஒரே சந்தேகம். மே மாதமே எதிர்த்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. இந்தத் தோலைத் துணியிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான் இந்த பஸ்ட்டின் உயிர். துணி முழுக்க மேட் (பளபளப்பு இல்லாத) வார்னிஷ், தோலுக்கு மட்டும் சாட்டின் (லேசான பளபளப்பு). தோலின் ஓரத்தில் வெளிர்பழுப்பில் மெல்லிய கோடு இழுங்கள், தேய்ந்த இடம் தெரியும்.

காட்பாடி: சிவப்புக் கோட்டுக்கு வெளிச்சம் கொடுத்தால் ரோஸ் கலர் ஆகிவிடுகிறது, சார்.

வெள்ளையைக் கலக்கிறீர்கள், அதுதான். ஆரஞ்சும், அப்புறம் முகத்துக்குப் பூசும் தோல் நிறம் கொஞ்சமும் போதும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், கரும்பழுப்பில் ஒரு துளி பச்சை. இன்னொன்று: அந்தக் காலத்து ஆங்கிலப் படையில் சாதாரணச் சிப்பாய் கோட்டு மஞ்சிட்டிச் சாயத்தில் செங்கல் சிவப்பாக இருக்கும். பளிச்சென்ற சிவப்பு அதிகாரிக்குத்தான்.

குப்பம்: காலரும் கைமுனையும் என்ன நிறம்?

ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் மாறும். கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களின் 69ஆம் ரெஜிமெண்டுக்குப் பச்சை. அதைச் சிப்பாய்க்குப் போட்டுவிடாதீர்கள். பெட்டிப் படத்தையும் நம்ப வேண்டாம், அது விற்பதற்காக வரைந்தது. எந்த ரெஜிமெண்ட் என்று முடிவு செய்து, அந்தக் காலத்து ஓவியத்தோடு ஒப்பிடுங்கள்.

புத்தூர்: பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் மேலே மாவு மாதிரி நிற்கிறது.

மழை ஈரம், இல்லாவிட்டால் தூரத்தில் இருந்து அடிக்கிறீர்கள். வெயில் நாளில் கிட்டே வைத்து அடியுங்கள். அதற்கு முன் ரெசினைச் சோப்புத் தண்ணீரில் கழுவ மறக்காதீர்கள்.

சித்தூர்: நம்ம ஊர் ஆள் நிறம் எப்படிக் கொண்டுவருவது? கடையில் கிடைக்கும் தோல் நிறமெல்லாம் வெள்ளைக்காரனுக்குத்தான் பொருந்துகிறது.

செம்பழுப்பில் தொடங்குங்கள். நிழலுக்கு அதில் கத்திரிப்பூ நிறம். வெளிச்சத்துக்குக் காவி மஞ்சளும் ஆரஞ்சும், வெள்ளை வேண்டவே வேண்டாம், சாம்பல் பூத்துவிடும். உதட்டுக்குச் சிவப்பைவிட ஊதா கலந்த பழுப்பு பொருந்தும். கண் வெள்ளைக்கும் சுத்த வெள்ளை எடுக்காதீர்கள், முறைக்கிற மாதிரி ஆகிவிடும்.

குடியாத்தம்: மார்பில் போகும் குறுக்கு வார் பளிச்சென்ற வெள்ளையா, அழுக்கா?

அணிவகுப்பு என்றால் வெள்ளைக் களிமண் பூசிய வெள்ளை, மடிப்பில் மட்டும் சூடான சாம்பல் நிறம். ஜூலை 10 என்றால், கிளர்ச்சி தொடங்கியது விடியாத இருட்டில். வாரில் வியர்வைக் கறையும் புகைக் கரியும் ஏற்றுங்கள், கொஞ்சம் அதிகமானாலும் பரவாயில்லை.