‘டி.ஏ. 7/7’ என்றால் கல்லீரல் கெட்டுவிட்டதா?

கேள்வி: வயது 25, ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தபோது கண் மஞ்சளாகி, பிலிருபின் 3.1 என்று வந்தது. அடுத்த மாதம் வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில் 2.2, நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஏஜென்ட் சொன்னதால் 9,000 ரூபாய் கட்டி மரபணுப் பரிசோதனை செய்தேன். ‘டி.ஏ. 7/7’ என்று வந்திருக்கிறது. மூன்று மாத மருந்தில் சரியாகும், 40,000 ரூபாய் என்கிறார். வாங்கலாமா? அப்பாவுக்கும் குடல் புற்றுநோய்க்கு கீமோ நடக்கிறது, செலவுக்குத் திணறுகிறோம்.

பதில்: வாங்காதீர்கள் தம்பி. அந்த ‘7/7’-ஐப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் கழிவுதான் பிலிருபின். அதைக் கரையும்படி மாற்றிப் பித்தத்தோடு அனுப்பக் கல்லீரலில் ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதிக்கான மரபணு உங்களிடம் நன்றாகவே இருக்கிறது. அதன் வாசலில் டி, ஏ என்ற இரண்டு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். பலருக்கு 6 தடவை. இந்த மரபணு எல்லோரிடமும் இரண்டு பிரதி இருக்கும், உங்களுக்கு இரண்டிலுமே 7. அதுதான் ‘7/7’. கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். மடையில் ஒரு பலகை கூடப் போட்டால் வயலும் பயிரும் அதேதான், பாய்கிற தண்ணீர்தான் குறையும். நொதி ஏறக்குறைய 30 சதவீதம்தான் சுரக்கும். அன்றாடப் பாட்டுக்கு அது போதும். பட்டினி, காய்ச்சல், தூக்கமின்மை வந்தால் கண்ணில் மஞ்சள் தெரியும். இதைக் கில்பர்ட் நிலை என்போம். 1901-லேயே விவரிக்கப்பட்டது, இந்த ஏழாவது ‘டி.ஏ.’ 1995-ல்தான் பிடிபட்டது.

இப்போது அந்த மருந்து. பிறக்கும்போதே எழுதப்பட்ட எழுத்தை எந்த மாத்திரையும் அழிக்காது. பிறகு எப்படிப் பலருக்கு ‘குணமாகிறது’? விரதம் முடிந்து ஒழுங்காகச் சாப்பிட்டாலே ஓரிரு நாளில் மஞ்சள் தானே இறங்கிவிடும். இறங்கியதும் பேர் மருந்துக்காரருக்குப் போகிறது. கண்ணில் பச்சிலைச் சாறு விடுகிறவர்களுக்கும் இப்படித்தான் பேர் கிடைத்தது. அந்தச் சாற்றால் கருவிழி புண்ணாகி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்ன கலந்தது என்றே தெரியாத பொடியைத் தின்று, நன்றாக இருந்த கல்லீரலைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஏஜென்டின் வேலை விசாவோடு முடிய வேண்டும். மருந்து விற்க அவர் யார்?

அந்த 9,000 ரூபாய்ப் பரிசோதனையே உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. பிலிருபினை நேரடி (நொதி மாற்றிவிட்டது), மறைமுகம் (இன்னும் மாற்றாதது) என்று பிரித்துப் பார்த்து, மறைமுகம் மட்டும் கூடியிருந்து, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி.யும் ரத்த அணுக்களும் சரியாக இருந்தால் போதும். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் பல லேப்களில் மொத்த அளவை மட்டும் அச்சடித்துப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மெடிக்கல் பார்க்கிறவர்கள் அந்த நட்சத்திரத்தைப் பார்த்ததும் ‘தகுதியில்லை’ என்று முத்திரை குத்துகிறார்கள். இரண்டு நிமிடம் விளக்க ஆளில்லாத இந்த இடத்தில்தான் புரோக்கர் நுழைகிறார். எத்தனை வருடமாகச் சொல்லியும் இது மாறவில்லை. பிரித்துப் பார்த்த அறிக்கையோடு கல்லீரல் மருத்துவரிடம் கடிதம் வாங்கி, மறுபரிசீலனை கேளுங்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாள் பட்டினி கிடக்காதீர்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. இரண்டு ஏழில் ஒன்று அம்மாவிடமிருந்தும் மற்றது அப்பாவிடமிருந்தும் வந்தவை. ஆகவே அப்பாவுக்கு ஒரு ஏழு நிச்சயம், இரண்டாகவும் இருக்கலாம். குடல் புற்றுநோய்க்கு இரினோடெகான் என்று ஒரு கீமோ மருந்து உண்டு. எல்லோருக்கும் கொடுப்பதில்லை. ஆனால் அது உடம்பில் நஞ்சாக மாறும்போது முறிப்பது இதே நொதிதான். இரண்டு ஏழு உள்ளவருக்கு அதை முழு அளவில் ஏற்றினால் வெள்ளணுக்கள் ஒரேயடியாக விழலாம், வயிற்றுப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவில் அந்த மருந்தின் குறிப்பிலேயே 2005-ல் இந்த எச்சரிக்கையைச் சேர்த்துவிட்டார்கள். இங்கே யாரும் உங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்காக கீமோவை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவது அதைவிட ஆபத்து. இரினோடெகான் தருகிறார்களா, தரப்போகிறார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் அப்பாவுக்கும் இந்தப் பரிசோதனை செய்து அளவை முடிவுசெய்வார்கள். அடுத்த கீமோவுக்கு முன்பே உங்கள் 7/7 அறிக்கையின் நகலை அவருடைய ஃபைலில் வைத்து, மருத்துவர் கண்ணில் படும்படி காட்டுங்கள்.