லினக்ஸில் போயிங்க் போட்டாயிற்று, வேலைதான் செய்யவில்லை: கேள்வி பதில்

கொம்பியூட்டர் சும்மா கிடக்கும் நேரத்தை விஞ்ஞான ஆராய்ச்சிக்குக் கொடுக்க உதவும் மென்பொருள் போயிங்க். அதை லினக்ஸில் போட்டுவிட்டு முழித்துக்கொண்டிருக்கும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லோரும் முதலில் ஒன்று செய்யுங்கள்: போயிங்க் மெனேஜர் என்ற ஜன்னலைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். போயிங்க் என்னென்ன செய்தது என்று எழுதிவைக்கும் இவென்ட் லொக் வரும். பாதிப் பதில் அதிலேயே எழுதியிருக்கும், வாசிக்கத்தான் ஆளில்லை.

கல்லடி: அண்ணன், லினக்ஸ் மின்ட்டில் போட்டேன். மெனேஜர் திறக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. கிளையன்ட்டோடு இணைய முடியவில்லை என்கிறது. அழித்துவிட்டுத் திரும்பப் போடவா?

வேண்டாம் தம்பி, போட்டது சரியாகத்தான் இருக்கிறது. போயிங்க் என்பது இரண்டு பகுதி. கணக்குப் போடுவது பின்னால் ஓடும் கிளையன்ட். நீங்கள் பார்க்கும் ஜன்னல் மெனேஜர். இரண்டும் 31416 என்ற போர்ட் வழியாகப் பேசிக்கொள்ளும் (வட்டக் கணக்கில் வரும் பை, அதாவது 3.1416, அதன் இலக்கங்களைப் போர்ட் எண்ணாக வைத்திருக்கிறார்கள், கணக்குக்காரர்களின் குசும்பு). லினக்ஸில் அந்தக் கிளையன்ட் உங்கள் பெயரில் ஓடாது. போயிங்க் என்றே ஒரு தனிப் பயனரை உண்டாக்கி அதன் பெயரில்தான் ஓடும். மெனேஜர் உள்ளே போகத் தேவையான பாஸ்வேர்ட் இருக்கும் ஃபைலை அந்தப் பயனரின் குரூப்பில் இருப்பவர்கள்தான் வாசிக்கலாம். நீங்கள் அந்தக் குரூப்பில் இல்லை, அவ்வளவுதான்.

டெர்மினலில் சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் கட்டளை) போட்டு, யூசர்மொட் கட்டளையால் உங்கள் பயனர் பெயரைப் போயிங்க் குரூப்பில் சேருங்கள். சிறிய ஏ, பெரிய ஜி என்ற ஆங்கில எழுத்துத் தெரிவுகள் இரண்டையும் கட்டாயம் கொடுக்க வேண்டும். அந்த ஏ-யை விட்டுவிட்டால் புதுக் குரூப்பில் சேர்ந்த கையோடு சூடோ உட்பட மற்ற எல்லாக் குரூப்பிலிருந்தும் கழன்றுவிடுவீர்கள். பிறகு எதையும் திருத்தவே அனுமதி இருக்காது. சேர்த்த பின் ஜன்னலை மூடித் திறந்தால் போதாது, லொக் அவுட் செய்து திரும்ப வர வேண்டும். ஃபைலின் அனுமதியை 777 (யாரும் வாசிக்கலாம், மாற்றலாம்) ஆக்கச் சொல்லி யாராவது அறிவுரை தந்தால் கேட்காதீர்கள்.

கல்முனை: ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்ட். கணக்குப் போடக்கூடிய கார்டுகளைப் பட்டியலிடும் சீஎல்இன்ஃபோ கட்டளையை ஓட்டினால் கார்ட் தெரிகிறது. போயிங்க் மட்டும் பாவிக்கக்கூடிய ஜீபீயூ இல்லை என்று அடம்பிடிக்கிறது.

முந்திய பதிலின் தம்பிதான் இதுவும். கார்ட் தெரிவது உங்களுக்கு; போயிங்க் பயனருக்குத் தெரிகிறதா என்று பார்த்தீர்களா? சூடோவுக்கு யூ தெரிவைக் கொடுத்து, அதே சீஎல்இன்ஃபோவைப் போயிங்க் பயனராக ஓட்டிப் பாருங்கள். அங்கே பூச்சியம் வந்தால் போயிங்க் பயனரை ரெண்டர், வீடியோ என்ற இரண்டு குரூப்பிலும் சேருங்கள். அப்புறம் கிளையன்ட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஜீபீயூவை அது தொடங்கும்போது மட்டும்தான் தேடும்.

என்விடியா வைத்திருப்பவர்களுக்கு: லினக்ஸோடு வரும் நூவோ என்ற இலவச டிரைவர் இந்த வேலைக்கு உதவாது, கம்பனி டிரைவரைப் போடுங்கள்.

களுவாஞ்சிகுடி: தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வேற்றுக்கிரகவாசிகளைத் தேடும் செட்டி அட் ஹோமில் சேர ஆசை. வேலை ஒன்றும் வருவதில்லை.

சேர், உங்கள் கொம்பியூட்டரில் பிழையே இல்லை. 1999 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டம் 2020 மார்ச் 31உடன் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆகாயம்தான் விருப்பம் என்றால் ஐன்ஸ்டைன் அட் ஹோமில் சேருங்கள். ஈர்ப்பலைகளையும் பல்சார்களையும் (வேகமாகச் சுழன்று துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் விண்மீன்கள்) தேடுகிறார்கள். 2010இல் அரேசிபோ தொலைநோக்கியின் தரவிலிருந்து ஒரு புதிய பல்சாரைக் கண்டுபிடித்தது இப்படி வீடுகளில் ஓடிய கொம்பியூட்டர்கள்தான். புரதங்கள் பற்றியது வேண்டுமென்றால் ரொசெட்டா அட் ஹோம் இருக்கிறது. எதில் சேர்ந்தாலும் சில நாள் சேர்வரில் வேலை இருக்காது. அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள்.

சம்மாந்துறை: டாஸ்க் (செய்ய அனுப்பும் கணக்கு) வருகிறது, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று நின்று ஓடுகிறது.

பிரவுசரில் எத்தனை டாப் திறந்திருக்கிறீர்கள்? மற்ற வேலைகள் சீபீயூவில் 25 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் போயிங்க் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அமைப்பில் அந்த எண்ணைக் கூட்டுங்கள். லெப்டொப் என்றால் சார்ஜர் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்; பற்றரியில் ஓடாமல் இருப்பதுதான் இயல்பு அமைப்பு.

அக்கரைப்பற்று: பழைய டெஸ்க்டொப். ப்ரொஜெக்ட் சேர்க்கப் போனால் சான்றிதழை உறுதிப்படுத்த முடியவில்லை என்று லொக்கில் வருகிறது. இன்டர்நெட் நன்றாக வேலை செய்கிறது.

திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் 2032 பட்டன் பற்றரி செத்துப்போய், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பின்னுக்குப் போயிருக்கும். சேர்வர் அசல்தான் என்று காட்டுவதுதான் சான்றிதழ்; திகதி பிழையாக இருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகவே தெரியும். நேரத்தை இன்டர்நெட்டிலிருந்து தானாக எடுக்கும் வசதியைப் போட்டால் இப்போதைக்குச் சரியாகும். பற்றரியையும் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

வாழைச்சேனை: இந்த வெக்கையில் ஃபேன் கத்துகிறது. கரண்ட் வேறு அடிக்கடி போகிறது. செய்த கணக்கெல்லாம் வீணா அண்ணன்?

எல்லாம் வீணாகாது தங்கச்சி. பெரும்பாலான ப்ரொஜெக்ட்கள் அதுவரை செய்த கணக்கை இடையிடையே செக்பொயின்ட் என்று எழுதி வைக்கும். கரண்ட் வந்ததும் கடைசி செக்பொயின்ட்டிலிருந்து தொடரும். டாஸ்க்கைத் தெரிவுசெய்து ப்ரொப்பர்ட்டீஸ் பார்த்தால், கடைசியாக எழுதி எவ்வளவு நேரம் என்று காட்டும். சில டாஸ்க்குகள் மணிக்கணக்கில் எழுதுவதில்லை, அவற்றை எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

சூட்டுக்கு, நான்கு கோர் இருந்தால் இரண்டை மட்டும் கொடுங்கள்: சீபீயூக்களில் 50 சதவீதம். பக்கத்திலேயே சீபீயூ நேரம் என்று இன்னொரு பெட்டி இருக்கும். அதைக் குறைத்தால் ஓடி நின்று ஓடி நின்று ஃபேன் இன்னும் எரிச்சலூட்டும். கடலோரம் என்பதால் உள்ளே தூசும் உப்பும் ஒட்டிப் பிடித்திருக்கும், ஒருதரம் திறந்து தூரிகையால் தட்டுங்கள். வீட்டில் கரண்ட் பில் கட்டுபவரிடமும் முதலே சொல்லிவிடுங்கள். இரவு பகலாக ஓடினால் யூனிட் ஏறும், மறைக்க முடியாது.

திருக்கோவில்: காலநிலை ப்ரொஜெக்ட் டாஸ்க்குகள் தொடங்கிச் சில வினாடிகளில் எரர் ஆகின்றன.

லொக்கில் ஷெயார்ட் லைப்ரரி (பல செயலிகள் பொதுவாகப் பாவிக்கும் துணை ஃபைல்) கிடைக்கவில்லை என்று இருந்தால், அந்தச் செயலி 32 பிட்டாக இருக்கும். 64 பிட் லினக்ஸில் அதற்கான லைப்ரரிகள் தானாக வராது. சீ பிளஸ் பிளஸ் லைப்ரரியின் 32 பிட் பக்கேஜைப் போட்டுவிட்டு, ஒரேயொரு டாஸ்க்கை இறக்கிப் பாருங்கள்.